ஒரே நாளில் ஜப்பான் என்றொரு பாதிக் கணக்கு

"ஒரே நாளில் ஜப்பானிய உணவும் கலாச்சாரமும்! அனுபவமுள்ள வழிகாட்டியுடன்!"

இந்த மாதிரி விளம்பரம் இப்போது எல்லா டூர்க்காரர்களிடமும் இருக்கிறது. 2024-ல் மட்டும் 3.68 கோடி வெளிநாட்டவர் ஜப்பானுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அதில் இந்தியர்கள் சுமார் 2.3 லட்சம். இத்தனை பேர் போனால் இப்படி ஒரு வியாபாரம் முளைக்கத்தான் செய்யும். முளைக்கட்டும், அதில் தப்பில்லை.

'ஒரே நாளில்' என்பதும் எனக்குப் பிரச்சினை இல்லை. லீவு கிடைப்பதே ஏழு நாள். அதில் சாப்பாட்டுக்கும் கலாச்சாரத்துக்கும் ஒரு முழு நாள் ஒதுக்குவது பெரிய விஷயம். என் சண்டையெல்லாம் அந்த ஒரு நாளில் எதைக் காட்டுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதோடுதான். அதைவிடப் பெரிய சண்டை நம்மாட்களோடு. ஏனென்றால் அப்படி விட்டுவிட்டுக் காட்டுவதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்தான் இன்றுவரை சோறு போடுகிறது: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய பேரேட்டைக் கொண்டுவந்து நீட்டினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். 'ஒரே நாளில் கலாச்சாரம்' டூர்கள் நம் கையில் கொடுப்பது அப்படி ஒரு பேரேட்டைத்தான்.

சும்மா சொல்லவில்லை. தங்கை குடும்பம் டோக்கியோவில், நிஷி கசாயில் இருக்கிறது. நம்ம ஐ.டி. மக்கள் கூட்டமாக வாழும் இடம். 2024 நவம்பரில் அங்கே போயிருந்தபோது மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து இப்படி ஒரு டூருக்குப் போனோம். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே அச்சுதான். காலையில் சுகிஜி மார்க்கெட், பிறகு கபுகி அரங்கு வாசலில் போட்டோ, மதியம் சுஷி செய்யும் வகுப்பு, அப்புறம் அசாகுசாவில் சென்சோஜி கோயில், வாடகை கிமோனோ, கடைசியில் மட்சா டீ. கைடு நல்ல பெண். சுத்தமான ஆங்கிலம், சிரித்த முகம். நாள் முழுக்க அவர் வாயில் அதிகம் வந்த சொற்கள் மூன்று: தூய்மையான, பாரம்பரியமான, ஆயிரம் ஆண்டு. அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். வாங்குகிறவனுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம்.

சுஷி வகுப்பில் குழந்தைகள் எல்லாம் பாய்ந்து எடுத்தது சால்மன் மீன். ஆரஞ்சு கலர், பார்க்க அழகு. 'தூய ஜப்பான்' என்று நம்பி எடுத்த அந்த மீன் யார் வேலை தெரியுமா? நார்வேக்காரன் வேலை! ஜப்பானியர்கள் தங்கள் கடல் சால்மனைப் புழு பயத்தால் பச்சையாகச் சாப்பிடமாட்டார்கள். சமைத்துத்தான் சாப்பிடுவார்கள். 1980-களில் பண்ணைச் சால்மனை விற்க வழி தேடிய நார்வே, ஜப்பானில் வருடக்கணக்காகப் பிரச்சாரம் செய்துதான் சுஷிக்குள் நுழைந்தது. விரலளவு சோற்றின் மேல் மீன் துண்டை வைத்துத் தரும் சுஷியே 1820-களில் எடோ நகரத் தெருக்களில் பிரபலமான அவசரச் சாப்பாடு. நம்ம ஊர் தள்ளுவண்டி போல என்று வையுங்கள்.

டெம்புரா, அதாவது ஜப்பான் பஜ்ஜி. போர்ச்சுகீசியர்கள் ஜப்பான் மண்ணில் கால் வைத்தது 1543-ல். மாவில் தோய்த்துப் பொரிக்கும் வித்தை அவர்களோடு வந்தது. ராமென் சீனத்து நூடுல்ஸ். டூரில் கிமோனோ போட்டுக்கொண்டு நடந்தோமே, அதே அசாகுசாவில்தான் 1910-ல் ராய்ராய்கென் என்ற கடை திறந்தது. யோகோஹாமா சீனத் தெருவிலிருந்து சமையல்காரர்களைக் கூட்டிவந்து நடத்திய கடை. மாட்டு இறைச்சி? 675-ல் தென்மு பேரரசர் போட்ட தடையிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் இறைச்சி என்றாலே முகம் சுளித்த நாடு அது. 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று ஊரறியச் செய்த பிறகுதான் அது நாகரிகமானது.

ஏன், சென்சோஜி கோயிலின் பிரதான மண்டபமே 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்துபோய் 1958-ல் கான்கிரீட்டில் மறுபடி கட்டியது. எல்லாரும் நின்று போட்டோ எடுக்கும் அந்தச் சிவப்பு லாந்தர் வாசல், பானாசோனிக் நிறுவனர் மட்சுஷிதா கொடுத்த நன்கொடையில் 1960-ல் மறுபடி எழுந்தது. இதைச் சொன்னால் கோயிலின் மதிப்புக் குறைந்துவிடுமா? எரிந்த கோயிலை, தோற்றுப்போன ஒரு நகரத்து மக்கள் காசு போட்டு எழுப்பினார்கள் என்பது எவ்வளவு பெரிய கதை! அதை விழுங்கிவிட்டு 'ஆயிரம் ஆண்டு' என்று ஒரு வரியில் முடிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2013 டிசம்பரில் யுனெஸ்கோ 'வாஷோகு' என்ற ஜப்பானிய உணவு மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம். ஆனால் அதிலிருந்து ஜப்பானியச் சாப்பாடு என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சாமான் போல் ஆக்கிவிட்டார்கள். வாங்கியதும் கொடுத்ததும் எல்லாம் அழிந்து, வெறும் 'தூய்மை' மட்டும் மிச்சம்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. இதுதான் எனக்கு ரொம்பவே உறைத்தது.

சுகிஜி மார்க்கெட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு பெரிய கல் கட்டடம். ஹோங்கான்ஜி என்ற பௌத்தக் கோயில், 1934-ல் கட்டி முடித்தது. இந்தோ சுதா என்று படித்துவிடாதீர்கள், இதோ சூதா... இதுதான் கட்டடக் கலைஞர் பெயர். இந்தியாவெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், பழைய இந்திய பௌத்தக் கட்டடங்களின் சாயலில் கட்டியிருக்கிறார். உள்ளே யானையும் சிங்கமும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் மூன்று குடும்பமும் அதன் பக்கத்திலேயே நின்று முட்டை ரோல் சாப்பிட்டோம். கைடு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் கபுகி அரங்கு. அதற்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை, 'நாயர் ரெஸ்டாரன்ட்'. 1949-லிருந்து அங்கே இருக்கிறது. ஆரம்பித்தவர் ஏ.எம். நாயர், திருவனந்தபுரத்துக்காரர். நான் இதை எழுதும் வித்துரா, திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், பொன்முடி போகிற வழியில் இருக்கிறது. அதனால் எனக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. 1905-ல் பிறந்தவர். திருவிதாங்கூரில் மாணவர் கிளர்ச்சிகளில் இறங்கியவர். 1928-ல் இன்ஜினியரிங் படிக்க கியோட்டோ போனார். அப்புறம் அந்த நாட்டோடே வாழ்க்கை. ராஷ் பிஹாரி போஸுடன் சேர்ந்து இந்திய விடுதலைக்காக வேலை செய்தார். ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். சுதந்திரம் வந்த பிறகு, குண்டுவீச்சில் எரிந்து கிடந்த டோக்கியோவில் சாப்பாட்டுக் கடை போட்டார். 1984-ல் ஜப்பான் அரசு விருது கொடுத்தது. 1990-ல் காலமானார். இப்போது மூன்றாவது தலைமுறை கடையைப் பார்த்துக்கொள்கிறது.

அந்தக் கடையின் பேர்போன ஐட்டம் 'முருகி லஞ்ச்'. (முருகன் பெயர் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம், இந்தி 'முர்கி', கோழி!) மஞ்சள் சோறு, வேகவைத்த முட்டைகோஸ், மசித்த உருளைக்கிழங்கு, பக்குவமாக வெந்த கோழிக்கால், மேலே குழம்பு. பரிமாறுகிறவர் மேஜையிலேயே எலும்பை உருவி எடுத்துவிட்டு, "எல்லாத்தையும் நல்லாக் கலந்து சாப்பிடுங்க" என்று சொல்வார். சோற்றைத் தனியாக, குழம்பைத் தனியாக, துவையலைத் தனியாகச் சாப்பிடும் நாட்டில் 75 வருடமாக 'பிசைந்து சாப்பிடு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது ஒரு திருவனந்தபுரத்துக் குடும்பம்! ஜப்பானியர்களும் சொன்னபடி கலந்து சாப்பிடுகிறார்கள். நாயர் கொடுத்தார், கோஸும் உருளையும் அந்த ஊர் கொடுத்தது. இப்போது அது யார் சாப்பாடு? இந்தியச் சாப்பாடா, ஜப்பானியச் சாப்பாடா? இந்தக் கேள்விக்கு எந்த டூர் புத்தகத்திலும் கட்டம் இல்லை. அதனால் கைடு எங்களை அந்தத் தெருமுனையோடு திருப்பிக் கூட்டிப் போய்விட்டார்.

நாயருக்கு முன்னால் போஸ் கதை. டில்லியில் வைஸ்ராய் மீது குண்டு வீசிய வழக்கில் பிரிட்டிஷார் தேடிய ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் தப்பி ஜப்பான் வந்தார். ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற பேக்கரி நடத்திய சோமா குடும்பம் அவரை ஒளித்துவைத்தது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவை 1918-ல் மணந்தார். தோஷிகோ 1925-ல் இறந்துபோனார். 1927 ஜூனில் நகமுராயா சாப்பாட்டுக்கடை தொடங்கியபோது போஸ் சொல்லிக்கொடுத்த கோழிக் குழம்பு மெனுவில் ஏறியது. ஏனென்றால் ஜப்பானில் ஏற்கெனவே கறி இருந்தது, ஆனால் பிரிட்டிஷார் வழியாக வந்த கறி. மைதா மாவைக் கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. போஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆக, விலையும் ஜாஸ்தி, காரமும் ஜாஸ்தியாக ஒரு நாட்டுக்கறி வந்தது. இன்றைக்கும் நகமுராயாவில் கிடைக்கிறது.

'கறி' என்ற சொல்லே நம் வாயிலிருந்து போர்ச்சுகீசியர், ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போய் 'கரே' ஆனது. 1908-ல் ஜப்பான் கடற்படைச் சமையல் புத்தகத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில் இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தையைக் கேட்டால் 'எங்க வீட்டுச் சாப்பாடு' என்று கரேயைச் சொல்லும். நம்மாட்கள் அந்த ஊருக்குப் போய் "இங்க நமக்குச் சாப்பிட ஒண்ணும் கிடைக்காது" என்று ரெடிமேட் புளியோதரைப் பாக்கெட்டை எண்ணுகிறார்கள்... என்னத்தைச் சொல்ல!

அசாகுசாவுக்கு வருவோம். சென்சோஜியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மட்சுச்சியாமா ஷோடென் என்று ஒரு சின்னக் கோயில், சென்சோஜியைச் சேர்ந்ததுதான். அங்கே இருக்கும் தெய்வம் கங்கிடென். யார் தெரியுமா? நம்ம பிள்ளையார். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறார். மூலவரை யாருக்கும் காட்டமாட்டார்கள், ரகசியம். அவருக்குப் படையல் முள்ளங்கி! கோயிலிலேயே வெள்ளை முள்ளங்கி வாங்கிப் படைக்கலாம். படைத்த முள்ளங்கியை வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள், நம் பிரசாதம் போலவே. ஜனவரி 7-ந் தேதி முள்ளங்கித் திருவிழாவே நடக்கிறது.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும் மூன்று குடும்பம் அவர் வீட்டுக்குப் பக்கத்தில், வாடகை கிமோனோவில் செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்றோம். இந்தக் கோயிலுக்கு டிக்கெட்டும் கிடையாது, கமிஷனும் கிடையாது. அப்புறம் டூர் லிஸ்டில் எப்படி வரும்?

இதையெல்லாம் சொன்னதும் நம்மில் ஒரு கோஷ்டி சட்டைக் காலரைத் தூக்கிவிடும். "பாத்தியா, எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்!" ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்று பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்னார் என்பார்கள். சொன்னார், உண்மை. 2008-ல் மறையும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. வரவுப் பக்கத்தை மட்டும் எழுதும் டூர்க்காரனுக்கும், பற்றுப் பக்கத்தை மட்டும் எழுதும் இந்தக் கோஷ்டிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பாதிக் கணக்குதான்.

கணக்கு என்றால் வாராக்கடனும் அதில் உண்டு. யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய போர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சினை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தாய்லாந்து-பர்மா பாதையில் ஓடிய எஞ்சின். 1942-43-ல் ஜப்பான் ராணுவம் அந்தப் பாதையைப் போட, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பேசுவது இதைத்தான். எஞ்சின் பளபளவென்று இருக்கிறது. ஜப்பானியரோடு நமக்கு உள்ள உறவில் நாயர் கடையும் உண்டு, இந்த எஞ்சினும் உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது மரியாதை ஆகாது. பெரிய பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதையும் காட்ட வேண்டும்.

இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வித்துரா வழியாகத்தான் வண்டிகள் பொன்முடிக்கு ஏறும். இங்கே சுற்றிக்காட்டப்படுகிற ஊர் நம்முடையது. போனக்காடு எஸ்டேட் பங்களாவை யூடியூபில் 'பேய் பங்களா' ஆக்கிவிட்டார்கள். இளவட்டங்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். அந்த எஸ்டேட்டில் பல வருடம் சம்பள பாக்கிக்காகப் போராடியவர்களில், இடிந்த லயங்களில் வாழ்ந்தவர்களில் தமிழ் வம்சாவழித் தொழிலாளர்கள் நிறைய. பேயைத் தேடி வருகிறவன் உயிரோடு இருக்கிறவனைப் பார்க்காமல் இறங்கிப் போகிறான். அதுவும் ஒரு 'ஒரே நாள்' டூர்தான்.

சாப்பாட்டுக் கதையும் அப்படியே. வழியோரக் கடையில் கப்பையும் மீன்கறியும். "ஆயிரம் வருஷப் பாரம்பரிய நாடன் உணவு" என்று வண்டியில் வரும் கைடு சொல்லுவார். கப்பை என்ற மரவள்ளிக்கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்தது, மிளகாயும் அப்படியே. போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் சாகுபடியை ஊக்குவித்தார். ஏழை வீட்டு அடுப்பில் அது நிரந்தரமாக ஏறியதற்கு முக்கியமான காரணம் எது தெரியுமா? 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. திருவிதாங்கூருக்குச் சோறு போட்ட பர்மா அரிசி நின்றுபோனது. சேர்த்தலைப் பக்கம் பட்டினியால் மக்கள் செத்தார்கள். கிழங்கு இருந்த இடத்தில் கிழங்கு காப்பாற்றியது. அதே சமயத்தில் திருவனந்தபுரத்து நாயர் ஜப்பானியர் பக்கம் நின்று இந்திய விடுதலைக்கு வேலை செய்துகொண்டிருந்தார். வித்துராவில் ஒரு கப்பைத் தட்டுக்குள் பிரேசில், லிஸ்பன், ரங்கூன், டோக்கியோ எல்லாம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் 'தூய கேரளா' என்று விற்பவனும், சுகிஜியில் 'தூய ஜப்பான்' என்று விற்பவனும் ஒரே கடைக்காரன்.

இனிமேல்தான் நம்மாட்களோடு சண்டை.

டோக்கியோ மார்க்கெட்டுக்குள் நுழையும்போது நம் கூட்டத்தில் ஒரு அம்மா பிள்ளையிடம் சொன்னது: "சீ... மூக்கைப் பொத்திக்கடா, நாத்தம்." மீன் மார்க்கெட்டில் மீன் வாசம் வராமல் மல்லிகைப்பூ வாசமா வரும்? அது எட்டு வயதுப் பையன். அந்த ஊரில்தான் படிக்கிறான், அந்த ஊரில்தான் வளரப்போகிறான். நாளைக்கு அவன் டிபன் டப்பாவைத் திறக்கும்போது பெருங்காய வாசத்துக்கு ஒரு ஜப்பானியப் பையன் மூக்கைப் பொத்தினால் இதே அம்மா கண்ணீர் விடுவார். அப்பா பள்ளிக்கூடத்துக்கு நீளமாக மெயில் எழுதுவார். எழுதட்டும், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது யார்? லண்டன், சிங்கப்பூர், துபாய், பெங்களூர், ஏன் திருவனந்தபுரம்வரை நம் வீடுகளில் இது நடக்கிறது. பக்கத்து வீட்டு அடுப்பைப் பற்றி பிள்ளை காதில் விழுகிறபடி நாம் பேசுவது எல்லாம் பிள்ளையின் கணக்கில் ஏறுகிறது.

"நாங்க வெஜிடேரியன், என்ன செய்ய?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜப்பானில் காய்கறிக் குழம்பில்கூட 'தாஷி' என்ற சாறு இருக்கும். அதில் கட்சுவோபுஷி என்ற காயவைத்த மீன் சீவல் சேரும். தெரியாமல் சாப்பிட்டுவிடுவோமோ என்ற பயம் வரத்தான் செய்யும். ஆனால் அதே நாட்டில் 'ஷோஜின் ரியோரி' என்று பௌத்த மடங்களின் சைவச் சமையல் இருக்கிறதே! கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷீடாக்கே காளானிலும் சாறெடுத்து, மீன் வாடையே இல்லாமல், வெங்காயம் பூண்டுகூட இல்லாமல் சமைப்பது. நம் வீட்டுப் பாட்டிகளுக்குச் சொன்னால் "அட, நம்ம விரதச் சமையல் மாதிரி இருக்கே" என்பார்கள். இத்தனை சைவக் குடும்பங்கள் போகும் டூரில் இது ஏன் இல்லை? நாம் கேட்கவில்லை. நாம் கேட்டது "மதியம் இந்தியன் வெஜ் ரெஸ்டாரன்ட் உண்டா?" என்று மட்டும்தான்.

"ஒரு நாள் டூர்ல இவ்வளவு பாடம் எதுக்கு? ஜாலியா போய்ட்டு வரவேண்டியதுதானே" என்றும் சொல்வார்கள். ஜாலியாகத்தான் இருக்க வேண்டும். கோழிக்கால் எலும்பை உருவிப் போட்டு 'கலந்து சாப்பிடு' என்று ஒருவர் நம்மை மிரட்டுவது ஜாலி இல்லையா? பிள்ளையாருக்கு முள்ளங்கி படைப்பது ஜாலி இல்லையா? வாடகை கிமோனோவில் வியர்த்து வழிய நின்றதைவிட இதில் சிரிப்பு ஜாஸ்தி. செலவும் கம்மி.

கணக்கே போட்டுத் தருகிறேன். டோக்கியோவில் ஒரு நாள்: காலையில் சுகிஜி ஹோங்கான்ஜி, கட்டணம் இல்லை. பக்கத்து மார்க்கெட்டில் ஒரு சுற்று. மொத்த வியாபாரம் 2018 அக்டோபரில் தோயோசுவுக்குப் போய்விட்டாலும் வெளிக்கடைகள் இங்கேதான் இருக்கின்றன. மதியம் நாயர் கடை. அசைவம் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே தேடிவைத்து ஒரு ஷோஜின் ரியோரி. சாயங்காலம் அசாகுசாவில் முள்ளங்கிப் பிள்ளையார். அப்புறம் எந்த ஊர்ப் பெயரும் இல்லாத, வயதான தம்பதி நடத்தும் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து "இது என்ன, எப்படிச் செய்தீங்க" என்று ஒரு கேள்வி. போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறது, பயம் வேண்டாம். ஒரே ஒரு கடை போதும்.

அங்கேயே வாழ்கிறவர்களுக்கு இதுவும் போதாது. அவர்களுக்கு டூர் எதற்கு? பேட்டைத் திருவிழாவில் பல்லக்குத் தூக்க ஆள் தேடுகிறார்கள், போய்த் தோள் கொடுங்கள். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், அவர் வீட்டுப் புத்தாண்டுக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். சாப்பிட முடியாததைக் கைகூப்பி வேண்டாம் என்று சொல்லலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூக்கைப் பொத்தினால்தான் கோபித்துக்கொள்வார்கள். இதையே கேரளாவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் சொல்கிறேன், சென்னையில் இருக்கும் ஜப்பானியக் குடும்பத்துக்கும் சொல்வேன்.

நாயர் டோக்கியோவுக்கு ஒரு நாள் டூர் போகவில்லை. பல பத்து வருடம் அந்த நாட்டோடு வாழ்ந்தார். நம்மில் எல்லாராலும் அது முடியாது. ஆனால் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு நாளிலும் ரெண்டு பக்கக் கணக்கையும் பார்க்கலாம். கைடு காட்டமாட்டார். பெற்றவர்கள்தான் காட்ட வேண்டும். அடுத்த முறை டூர் லிஸ்டை நீட்டும்போது "தூய்மையானது, பாரம்பரியமானது" என்று வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது யார்கிட்ட இருந்து வந்துச்சு, யாருக்குப் போச்சு?" பதில் தெரியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.